ஜாம் ரூமில் வரும் பாட்டு மேடையில் ஏன் கைவிடுகிறது? முதல் நிகழ்ச்சிக்குத் தயாராகும் கல்லூரி பேண்டுக்கு ஒரு பதில்

ஆறு பேர் கொண்ட சென்னைக் கல்லூரி பேண்ட்: பாட்டு, இரண்டு கிட்டார், கீபோர்டு, பேஸ் கிட்டார், டிரம்ஸ். ஆறு வாரத்தில் கல்ச்சுரல்ஸ், திறந்தவெளி மேடை, 20 நிமிடம். ஜாம் ரூமில் (பயிற்சி அறையில்) பாட்டுகள் நன்றாகவே வருகின்றன, மேடையில் சொதப்பாமல் இருக்கத் தினமும் எத்தனை மணி நேரம் பயிற்சி செய்ய வேண்டும், புது ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மணிக்கணக்கைக் கேட்டாலும், அறையில் வருகிற பாட்டு மேடையில் கைவிட்டுவிடுமோ என்பதுதான் உங்கள் கவலை. அந்தக் கவலை சரியானதே. பாட்டைப் பயிற்சி செய்வது ஒரு வேலை, நிகழ்ச்சியைப் பயிற்சி செய்வது வேறு வேலை. பெரும்பாலான மாணவர் பேண்டுகள் முதல் வேலையை மட்டும் முடித்துவிட்டு மேடை ஏறுகின்றன. பாட்டின் நடுவில் பெரிதாக யாரும் விழுவதில்லை. தொடங்கும் இடம், முடிக்கும் இடம், இரண்டு பாட்டுக்கு நடுவே வரும் இடைவெளி, பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது காதில் விழாத நேரம், இந்த நான்கிலும்தான் விழுகிறார்கள். வாரம் மூன்று முறை, ஆறு பேரும் சேர்ந்து இரண்டு மணி நேரம், அதுபோக அவரவர் வீட்டில் தினமும் அரை மணி என்றால் ஆறு வாரம் தாராளம். ஆனால் அந்த நேரத்தில் எதைச் செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் நேரக் கணக்கு. 20 நிமிடம் என்றால் எப்போதிலிருந்து என்று ஏற்பாட்டாளர்களிடம் இன்றே கேளுங்கள். கல்லூரி மேடைகளில் பெரும்பாலும் முந்தைய பேண்ட் இறங்கியதுமே உங்கள் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். கேபிள் செருகி, டிரம்ஸ் ஸ்டூலைச் சரி செய்து, மைக்கைப் பார்த்து முடிக்க ஆறேழு நிமிடம் போகும். மீதி 13 நிமிடம். நாலு நிமிடப் பாட்டு மூன்று, இடையில் கொஞ்சம் பேச்சு, அவ்வளவுதான். நாலாவதாக மூன்று நிமிடத்துக்குள் முடிகிற ஒன்றைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நேரம் மிஞ்சினால் வாசிக்கலாம், குறைந்தால் யாருக்கும் தெரியாமல் விட்டுவிடலாம். முதல் பாட்டாக உங்களுடைய சிறந்த பாட்டை வைக்காதீர்கள், எளிய பாட்டை வையுங்கள். ஆறு பேரும் முதல் பாரிலிருந்தே (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) வாசிக்கிற பாட்டாக, பாடகருக்கு நடு ஸ்தாயியில் போகிற பாட்டாக அது இருக்கட்டும். மிக்சரில் (எல்லா ஒலிகளையும் கலக்கும் கருவி) இருப்பவர் உங்கள் ஒலியைச் சரி செய்யப்போவது அந்தப் பாட்டின் முதல் ஒரு நிமிடத்தில்தான். தனிக் கிட்டாரோடு மெதுவாகத் தொடங்கும் பாட்டை முதலில் வைத்தால் அவரால் மற்றக் கருவிகளைக் கேட்கவே முடியாது. டிராப் டி (தடித்த கம்பியை மட்டும் ஒரு கட்டை இறக்குவது) மாதிரி ட்யூனிங் மாறும் பாட்டுகள் இருந்தால் அவற்றை அடுத்தடுத்து வைத்து, மேடையில் ஒரே ஒரு முறை மாற்றும்படி அமையுங்கள்.

அடுத்தது பாடகரின் ஸ்ருதி. ஒலிப்பதிவில் இருக்கிற அதே ஸ்ருதியில்தான் பாட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பாட்டிலேயே மிக உயரமான இடம் எது என்று பாருங்கள், பெரும்பாலும் கடைசிக் கோரஸாக இருக்கும். அந்த வரியை நின்றுகொண்டு, முழுக் குரலில், தொடர்ந்து மூன்று முறை தொண்டை இறுகாமல் பாட முடிகிறதா? முடியவில்லை என்றால் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்குங்கள். அரைக் கட்டை இறக்குவது கிட்டாருக்கும் பேஸுக்கும் எல்லாக் கம்பிகளையும் அதே அளவு தளர்த்துகிற வேலை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டன் ஆபத்தானது. ஒரு பாட்டுக்கு மட்டும் மாற்றிவிட்டு அடுத்த பாட்டுக்குப் பழையபடி வைக்க மறந்தால், முதல் கார்டிலேயே (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) பேண்ட் முழுவதும் அபஸ்வரமாகிவிடும். முடிந்தால் செட்லிஸ்ட் (வாசிக்கும் பாட்டுகளின் வரிசை) முழுவதையும் ஒரே ட்யூனிங்கில் வையுங்கள். கர்நாடக சங்கீதம் கற்ற பாடகராக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். தம்புராவைக் கேட்டுப் பழகியவருக்கு மேடையில் ஸ்ருதிக்குப் பிடிமானம் வேண்டும். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்ட கிட்டார் அந்தப் பிடிமானத்தைத் தராது. அவருடைய மானிட்டரில் (வாசிப்பவருக்குக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) கீபோர்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் பாட்டை முழுசாக வாசிப்பதைக் குறைத்து, துண்டு துண்டாக எடுங்கள். பேஸும் டிரம்ஸும் மட்டும் ஒரு மணி நேரம் தனியாக உட்கார வேண்டும். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) எங்கே விழுகிறதோ அங்கேயே பேஸும் விழுகிறதா என்று பார்க்க வேறு வழி இல்லை, கிட்டார்கள் சேர்ந்துவிட்டால் அந்தப் பிசிறு மறைந்துவிடும். பிறகு ஒவ்வொரு பாட்டின் முதல் நாலு பாரையும் கடைசி எட்டு பாரையும் மட்டும் பத்துப் பத்து முறை வாசியுங்கள். ஒலிப்பதிவில் நிறையப் பாட்டுகள் சத்தம் மெல்லக் குறைந்து மறைந்துபோகும். மேடையில் அப்படி மறைய முடியாது. ஆகவே முடிவை நீங்களே கட்ட வேண்டும்: கடைசிக் கோரஸ் எத்தனை முறை, எந்த பீட்டில் நிற்பது, நின்ற பிறகு கடைசிக் கார்டு எவ்வளவு நேரம் நீள்வது, அதை வெட்டும் சைகையை யார் தருவது. சைகை தருபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். டிரம்மர் அல்லது கிட்டார் கழுத்தை உயர்த்திக் காட்டுகிற ஒருவர் என்று முடிவு செய்துவிட்டு, மற்ற ஐந்து பேரும் அந்த நேரத்தில் அவரையே பார்க்கப் பழகுங்கள். சென்னையின் மெல்லிசைக் குழுக்களை ஒரு முறை மேடைக்குப் பக்கவாட்டில் நின்று கவனித்தால் இது புரியும். நடத்துபவரின் ஒரு விரல் அசைவுக்கு இருபது பேர் நிற்பார்கள்.

டெம்போ, அதாவது பாட்டின் வேகம், தனிக் கவலை. மேடையில் இதயம் வேகமாக அடிக்கும்போது சரியான வேகம் மெதுவாக இருப்பதுபோலத் தோன்றும், அதனால் எல்லாரும் ஓடுவார்கள். நிமிடத்துக்கு 120 பீட்டில் போக வேண்டிய பாட்டு மூன்று நாலு கூடுவது கேட்பவருக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு கூடினால் பாடகருக்கு மூச்சு விட இடம் இருக்காது, லீட் கிட்டாரின் வேகமான இடம் வழுக்கிவிடும். டிரம்மர் குச்சியைத் தட்டி நாலு எண்ணுவதற்கு முன், பாட்டில் வார்த்தைகள் மிக நெருக்கமாக வரும் வரியை மனதுக்குள் இரண்டு பார் பாடிப் பார்க்கட்டும். சரியான வேகம் அந்த வரியில் இருக்கிறது, இன்ட்ரோவில் இல்லை. போனில் தாள வேகத்தைக் காட்டும் மெட்ரோனோம் ஆப்பை ஒலியை அணைத்து, வெளிச்சம் மட்டும் மின்னும்படி ஹை-ஹேட் (காலால் இயக்கும் ஜோடி சிம்பல்) பக்கத்தில் வைப்பது இன்னும் பாதுகாப்பு. மேடையிலும் பாட்டு முழுவதும் காதில் கிளிக் (மெட்ரோனோமின் தாளச் சத்தம்) கேட்டபடி வாசிக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதல் நிகழ்ச்சிக்கு வேண்டாம் என்பது என் முடிவு. கிளிக்கோடு பல மாதம் பழகாத டிரம்மர் ஒரு பீட் தவறினால் அதைத் துரத்திப் பிடிக்கப் போய்ப் பேண்டையே இழுத்துவிடுவார். பயிற்சியில் கிளிக் வேண்டும், மேடையில் தொடக்க வேகத்துக்கு மட்டும் போதும்.

ஒவ்வொரு பயிற்சியையும் போனில் பதிவு செய்யுங்கள். போனை ஆம்ப் மேல் வைக்காமல், பார்வையாளர் நிற்கும் தூரத்தில், எதிர்ச்சுவருக்குக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். போன் மைக்கில் அடிநாதம் சரியாக ஏறாது, ஆகவே பேஸின் அளவை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டெம்போ ஓடுகிறதா, பாட்டின் வரிகள் புரிகின்றனவா, முடிவு சுத்தமாக இருக்கிறதா என்பதற்கு அது போதும்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு விதி: தொடங்கிய பாட்டை நிறுத்தக் கூடாது. தவறு செய்ததும் சிரித்து, நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும் பழக்கம் ஜாம் ரூமில் ஒட்டிக்கொள்ளும். அது அப்படியே மேடைக்கும் வரும். வழி தவறியவர் வாசிப்பதை விட்டுவிட வேண்டும், தேடக் கூடாது. டிரம்மரும் பாடகரும் போய்க்கொண்டே இருப்பார்கள், அடுத்த கோரஸின் முதல் பீட்டில் மற்றவர் சேர்ந்துகொள்வார். பாடகர் வரியை மறந்தால் பேண்ட் அதே நாலு பாரைச் சுற்றிக்கொண்டிருக்கும், அவர் எடுத்ததும் நகரும். இதைப் பேசி வைத்தால் மட்டும் போதாது. பயிற்சியின் நடுவில் ஒருவர் வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கம்பி அறுவதற்கும் இதே ஒத்திகை வேண்டும். சாதாரண நிலையான பிரிட்ஜ் (கம்பிகள் அடியில் மாட்டியிருக்கும் பகுதி) உள்ள கிட்டாரில் ஒரு கம்பி போனால் மீதி ஐந்தும் ஏறக்குறைய ஸ்ருதியில் நிற்கும், பாட்டை முடித்துவிடலாம். ஃப்ளாய்டு ரோஸ் மாதிரி மிதக்கும் பிரிட்ஜில் ஒன்று அறுந்ததும் ஸ்பிரிங் இழுத்து மற்ற எல்லாக் கம்பிகளும் ஸ்ருதி ஏறிவிடும், அந்தக் கிட்டார் அந்தக் கணத்திலிருந்து பயன்படாது. அப்படிப்பட்ட கிட்டார் என்றால் ட்யூன் செய்த மாற்றுக் கிட்டார் ஒன்று மேடையோரத்தில் நிற்க வேண்டும். நண்பரிடம் இரவல் வாங்கினாலும் சரி.

இனி சத்தம். மாணவர் பேண்டுகளை அதிகம் கெடுப்பது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சின்ன அறையில் டிரம்ஸ் சத்தத்தைத் தாண்டக் கிட்டார்காரர் ஆம்பைக் கூட்டுவார், அவரைத் தாண்டக் கீபோர்டு கூடும், பாடகருக்குத் தன் குரலே கேட்காமல் கத்துவார், இரண்டு மணி நேரத்தில் தொண்டை கட்டும். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் பாடகரின் மைக்கைத் திறந்து, ஸ்பீக்கர் ஒலி மைக்குக்குத் திரும்பிக் கூவத் தொடங்கும் அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். அதுதான் உங்கள் உச்சவரம்பு. டிரம்மர் உட்பட எல்லாரும் அதற்குக் கீழே வாசிக்க வேண்டும். சத்தம் குறைத்து வாசித்தால் வேகமும் விறுவிறுப்பும் போய்விடும் என்று டிரம்மர் சொல்வார். மெல்லிய சத்தத்தில் அதே வேகத்தைத் தாங்குவது கைத்திறன், பழகினால் வரும்.

கிட்டார் ஆம்பைத் தரையில் வைத்தால் ஒலி முழங்காலுக்குப் போகும், காதுக்கு வராது. உயர்ந்த அதிர்வெண்கள் ஸ்பீக்கரிலிருந்து நேர்கோட்டில்தான் பாயும். ஆம்பை ஒரு நாற்காலி மேல் ஏற்றுங்கள் அல்லது பின்னால் சாய்த்து வாசிப்பவரின் தலையை நோக்கித் திருப்புங்கள். பாதி சத்தத்திலேயே அவருக்குத் தெளிவாகக் கேட்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது நடு அதிர்வெண்களைக் குறைத்து, ஆம்பில் அடி ஒலியையும் (பேஸ்) மேல் ஒலியையும் (ட்ரெபிள்) ஏற்றி வைத்தால் கம்பீரமாக இருக்கும். பேண்டோடு சேர்ந்ததும் அந்தக் கிட்டார் காணாமல் போகும், ஏனென்றால் அடியில் பேஸ் கிட்டாரும் கிக்கும் இருக்கின்றன, மேலே சிம்பல் இருக்கிறது, கிட்டாருக்கென்று மிஞ்சுவது அந்த நடுப்பகுதிதான். டிஸ்டார்ஷனையும் வீட்டில் வைப்பதைவிடக் கால் பங்கு குறையுங்கள். கெயின் (டிஸ்டார்ஷனின் அளவு) ஏற ஏற ஒலி நசுங்கி, அடிக்கும் அழுத்தம் தெரியாமல் போகும். லீட் வாசிக்கும்போது மேலெழ பூஸ்ட் பெடல் வைத்திருந்தால், அது டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் இன்னும் கரகரக்குமே தவிர சத்தம் கூடாது. கீபோர்டு வாசிப்பவரின் இடது கை பேஸின் இடத்தில் நுழைகிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலான பாட்டுகளில் அந்த இடது கையை எடுத்துவிட்டாலே பேண்ட் தெளிந்துவிடும்.

காதையும் சொல்லியாக வேண்டும். 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம் வகுத்த வரம்பு. அந்தக் கணக்கில் 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். மூடிய அறையில் டிரம்ஸ் அந்த அளவை எளிதில் தொடும். பயிற்சி முடிந்த பிறகு காதில் இரைச்சல் தொடர்ந்தால் அது எச்சரிக்கை. கெட்டுப்போன கேள்திறன் திரும்ப வராது, இதில் சந்தேகம் எதுவும் இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான்கூடப் போதும், டிரம்மர் கட்டாயம் போட வேண்டும்.

கடைசி இரண்டு வாரம் அறையையே மேடையாக்குங்கள். வட்டமாக நின்று ஒருவரையொருவர் பார்த்து வாசிப்பதை விட்டு, எல்லாரும் ஒரே சுவரைப் பார்த்து, மேடையில் நிற்கப்போகிற வரிசையில் நில்லுங்கள். பேஸ் வாசிப்பவர் ஹை-ஹேட் பக்கம் நின்றால் டிரம்மரின் கால் தெரியும். உட்கார்ந்து வாசிக்காதீர்கள், ஸ்ட்ராப்பின் நீளம் மாறினால் மணிக்கட்டின் கோணம் மாறும், உட்கார்ந்து வந்த லீட் நின்றால் வராது. ஒரு நாள் விளக்கை அணைத்துவிட்டு வாசியுங்கள், மேடை விளக்கு கண்ணில் அடிக்கும்போது கிட்டார் கழுத்தில் இருக்கும் புள்ளிகள் தெரியாது. பிறகு கடிகாரம் வைத்து முழு ஒத்திகை: கதவுக்கு வெளியே கருவிகளோடு நின்று, உள்ளே வந்து, செருகி, ட்யூன் செய்து, மூன்று பாட்டும் வாசித்து, பிடுங்கி வெளியேறும் வரை. பாட்டுகளுக்கு நடுவே யார் பேசுவது, அந்த நேரத்தில் யார் ட்யூன் செய்வது என்பதையும் சேர்த்துதான் ஒத்திகை. பேச்சு இரண்டு வாக்கியம் போதும், ஆனால் அந்த இரண்டு வாக்கியம் என்னவென்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

சவுண்ட்காரருக்கு ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயார் செய்து முந்தைய நாளே அனுப்புங்கள். மேடையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்ற படம், மிக்சரில் எத்தனை சேனல் (ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு தனி வழி) வேண்டும் என்ற பட்டியல். உங்கள் பேண்டுக்கு டிரம்ஸில் கிக், ஸ்னேர், இரண்டு டாம், மேலே இரண்டு ஓவர்ஹெட் மைக் என ஆறு, பேஸுக்கு டி.ஐ. பாக்ஸ் (கருவியை நேராக மிக்சரில் இணைக்கும் பெட்டி) ஒன்று, கிட்டார் ஆம்புகளுக்கு மைக் இரண்டு, கீபோர்டுக்கு ஸ்டீரியோ என்றால் இரண்டு, பாடகருக்கு ஒன்று, கோரஸ் பாடும் கிட்டாரிஸ்ட்டுக்கு ஒன்று. மொத்தம் 13. சேனல் போதவில்லை என்றால் கீபோர்டை மோனோவாக்கி, ஓவர்ஹெட்டை ஒன்றாக்கி 11-க்கு இறங்கலாம். சென்னையில் வாடகைக்கு ஒலியமைப்பு தருபவர்கள் பலர் மெல்லிசைக் கச்சேரியில் கை தேர்ந்தவர்கள், குரலை முன்னால் தூக்கி நிறைய எக்கோ சேர்ப்பார்கள். அது அந்த இசைக்குப் பொருத்தம். ராக் பேண்டில் கிக்கும் ஸ்னேரும் குரலுக்கு மிக அருகில் நிற்க வேண்டும், எக்கோ மிகக் குறைவாக இருக்க வேண்டும். இதை மரியாதையாக, முன்கூட்டியே, போனில் ஒரு மாதிரிப் பாட்டைப் போட்டுக் காட்டிச் சொல்லுங்கள். மேடையில் மைக்கில் கத்திச் சொன்னால் வேலைக்காகாது.

முழு சவுண்ட் செக் கிடைத்தால் கிக்கில் தொடங்கி, ஸ்னேர், டாம், பேஸ், கிட்டார், கீபோர்டு, கடைசியில் குரல் என்று போவது வழக்கம். ஒருவரைக் கேட்கும்போது மற்றவர் கம்பியைத் தொடக் கூடாது. முடிவில் உங்களுடைய மிகச் சத்தமான கோரஸை ஒரு நிமிடம் வாசித்துக் காட்டுங்கள். ஆனால் கல்லூரி விழாக்களில் பல பேண்டுகள் வரிசையாக ஏறும்போது பெரும்பாலும் கிடைப்பது லைன் செக் மட்டுமே, அதாவது ஒவ்வொரு சேனலிலும் ஒலி வருகிறதா என்று பார்க்கும் மூன்று நிமிடம். அப்போது வரிசையை மாற்றி முதலில் குரல், பிறகு கிக், பிறகு பேஸ், பிறகு மற்றவை என்று கேளுங்கள். மைக்கே இல்லாவிட்டாலும் டிரம்ஸ் ஓரளவு கேட்கும், குரல் கேட்காது.

மானிட்டரில் எல்லாம் வேண்டும் என்று கேட்பவருக்கு எதுவும் தெளிவாகக் கேட்காது. ஆளுக்கு இரண்டு மூன்று விஷயம் மட்டும் கேளுங்கள்: பாடகருக்குத் தன் குரலும் கீபோர்டும், பேஸுக்குக் கிக்கும் குரலும், டிரம்மருக்குப் பேஸும் குரலும். திறந்தவெளியில் இது மிக முக்கியம், ஏனென்றால் அறையில் சுவர் திருப்பித் தந்த ஒலி அங்கே இருக்காது. எதிரே 30 மீட்டரில் ஒரு கட்டடம் இருந்தால் உங்கள் ஸ்னேர் அதில் மோதி ஏறக்குறைய 170 மில்லி வினாடி கழித்துத் திரும்பி வரும். அதைக் கேட்டு வாசிப்பவர் பின்தங்குவார். சந்தேகம் வந்தால் டிரம்மரின் கையைப் பார்த்து வாசியுங்கள், மைதானத்திலிருந்து வரும் ஒலியை நம்பாதீர்கள். மைக் கூவுவதற்குப் பெரும்பாலும் பாடகரின் கைதான் காரணம். மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்தால் அது எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கிக் கூவும். ஷூர் எஸ்எம்58 மாதிரியான கார்டியாய்டு (முன்னால் வரும் ஒலியை எடுத்து, நேர் பின்னால் வருவதைத் தவிர்க்கும்) மைக்குக்கு மானிட்டர் நேர் பின்னால், பாடகரின் காலடியில் இருக்க வேண்டும். சூப்பர் கார்டியாய்டு (இன்னும் குறுகலான திசையில் கேட்கும் வகை) என்றால் சற்றுப் பக்கவாட்டில். உதட்டிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை தள்ளிப் பிடித்து, கையைத் தொங்கவிடும்போது மைக் மானிட்டரை நோக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தில் விளையாடக் கூடாது. கிட்டார் கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு படும்போது சுருக்கென்று இழுத்தால், அது சின்ன விஷயமல்ல. எர்த்திங் கோளாறு, உயிருக்கே ஆபத்து. உடனே விலகி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள், அவர் சரி செய்யும் வரை வாசிக்காதீர்கள். இரைச்சலைக் குறைக்க ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். இரைச்சலுக்கு வேறு வழி இருக்கிறது: ஆம்புகளும் மிக்சரும் ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் எடுப்பது, டி.ஐ. பாக்ஸில் கிரவுண்டு லிஃப்ட் பொத்தானை அழுத்துவது. விளக்குகளும் ஒலியும் ஒரே ஜெனரேட்டரில் இருந்தால் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப் உள்ள) கிட்டாரில் ரீங்காரம் ஏறும். உடலைக் கொஞ்சம் திருப்பி நின்றாலே அது குறைவதுண்டு. ஜாக்கைப் பிடுங்கும் முன் ட்யூனர் பெடலை மிதித்து ஒலியை அடக்குங்கள், இல்லையென்றால் எழும் பட்டென்ற வெடிப்பு ஸ்பீக்கரையே கெடுக்கும். பெடல் அடாப்டர்கள் மல்டி பிளக்கில் தளர்ந்து விழும், செருகியதும் இன்சுலேஷன் டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

சென்னையின் காற்றைக் கணக்கில் எடுங்கள். ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளிமேடைக்கு வந்தால் கம்பி சூடேறித் தளர்ந்து ஸ்ருதி இறங்கும், குளிர்ந்திருந்த கருவியில் ஈரம் பூக்கும். மேடை ஏறுவதற்கு அரை மணி முன்பே கிட்டார்களை வெளியில் எடுத்து வைத்து, கடைசி நிமிடத்தில் ட்யூன் செய்யுங்கள். ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். பக்கம் கடற்காற்றில் சாதாரண நிக்கல் கம்பி சீக்கிரம் துருவேறும். நிகழ்ச்சிக்கு ஒரு நாள் முன் புதுக் கம்பி மாட்டி, ஒவ்வொன்றையும் விரலால் இழுத்து இழுத்து, ஸ்ருதி இறங்காமல் நிற்கும் வரை ட்யூன் செய்யுங்கள். அன்றைக்கே மாட்டினால் முதல் பாட்டு முடிவதற்குள் இறங்கிவிடும்.

உங்கள் நேரம் இரவில் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கலாச்சார, மத விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அந்த அனுமதி உங்கள் விழாவுக்கு இருக்கிறதா என்பது ஏற்பாட்டாளருக்குத்தான் தெரியும். இல்லையென்றால் 9:50-க்கு மேடை ஏறும் பேண்டுக்குப் பத்து நிமிடம்தான். ஆகவே இரண்டு பாட்டு மட்டும் கொண்ட குறுகிய செட்லிஸ்ட் ஒன்றையும் ஒத்திகை பார்த்து வையுங்கள்.

தொண்டைக்குத் தேன், மிளகு, வெந்நீர் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பழக்கமானது இதமாக இருந்தால் குடிக்கலாம், அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். காலையிலிருந்தே தண்ணீர் குடித்துவருவது நிச்சயம் உதவும், மேடைக்கு முன் ஒரே மூச்சில் ஒரு பாட்டில் குடிப்பது உதவாது. முந்தைய நாள் மற்றப் போட்டிகளுக்கு ஆதரவாகக் கத்தப் போகாமல் பாடகரைப் பிடித்து வையுங்கள். பதற்றத்துக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, பார்வையாளர் முன் ஒரு முறை வாசித்துவிட்டுப் போவதுதான். விழாவுக்கு ஒரு வாரம் முன் ஹாஸ்டல் நண்பர்கள் பத்துப் பதினைந்து பேரை ஜாம் ரூமுக்குக் கூப்பிட்டு முழு 20 நிமிடத்தையும் நிறுத்தாமல் வாசித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் கை நடுங்குகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும், சரி செய்ய ஒரு வாரமும் இருக்கும். மேடையைப் பார்க்காமல், உங்கள் வாசிப்பைக் கேட்காமல் இதற்கு மேல் ஊகித்துச் சொல்வது சரியாக இருக்காது.

கடைசியாக ஆம்ப். வாங்க வேண்டாம். மேடையில் ஆம்புகளும் டிரம்ஸும் பெரும்பாலும் ஏற்பாட்டாளர்களே வைப்பார்கள், என்ன மாடல் என்று கேட்டு, ஜாம் ரூமில் அதே மாதிரி ஒன்றில் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். அந்தப் பணத்தில் இரண்டு கிட்டார்காரர்களுக்கும் பேஸுக்கும் ஆளுக்கொரு ட்யூனர் பெடல், ஆறு மீட்டருக்கு மிகாத நல்ல கேபிள் ஆளுக்கு இரண்டு (அதைவிட நீண்டால் ட்ரெபிள் மங்கும்), கூடுதல் கம்பி செட்டுகள், முதலில் அறுகிற மெல்லிய கம்பி மட்டும் தனியாக நாலைந்து, 9 வோல்ட் பேட்டரி, மூன்று ஜோடி டிரம் குச்சி, சிம்பல் ஸ்டாண்டுக்கான நட்டும் ஃபெல்ட்டும் வாங்குங்கள். டிரம்மர் தன் சொந்த ஸ்னேரும் கிக் பெடலும் கொண்டுவந்தால் பாதிக் கவலை தீரும். பழைய கம்பளமோ தடித்த மிதியடியோ ஒன்று, ஐந்தடிக்கு ஆறடி, கட்டாயம் எடுத்து வாருங்கள். பலகை மேடையில் கிக் டிரம் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், இரண்டாவது பாட்டில் டிரம்மரின் கால் எட்டாது. கீபோர்டுக்காரர் தன் அடாப்டரையும் சஸ்டெய்ன் பெடலையும் வீட்டில் வைத்துவிட்டு வருவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பெடலைச் செருகிய பிறகே, அதை மிதிக்காமல், கீபோர்டை ஆன் செய்யச் சொல்லுங்கள், மிதித்தபடி ஆன் செய்தால் சில கீபோர்டுகளில் பெடல் தலைகீழாக வேலை செய்யும். செட்லிஸ்ட்டைத் தடித்த மார்க்கரில் ஆறு தாள்களில் எழுதி, ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் ட்யூனிங்கையும் டெம்போவையும் குறித்து, தரையில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.